கட்டாய வாக்கு: எதைக் கட்டாயமாக்குகிறோம்?

தேர்தல் முடிந்த மறுநாள் வாக்குப்பதிவு சதவீதம் பத்திரிகையில் வரும். கூடவே அந்தப் பேச்சும் வந்துவிடும். "ஓட்டுப் போடாதவனுக்கு ரேஷனை நிறுத்தணும்" என்பார் ஒருவர். "ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டா அத்தனை பேரும் வரிசையில நிப்பான்" என்பார் அடுத்தவர். 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதம் பதிவானது. புதுச்சேரியில் ஏறக்குறைய 79, கடலூரில் 72க்குச் சற்று மேல். மத்திய சென்னை 54 அளவில் நின்றுவிட்டது. இந்த எண்களைப் பார்த்தால் கோபம் வருவது இயல்புதான்.

ஆனால் கட்டாய வாக்கு என்று நாம் பேசும்போது எதைக் கட்டாயமாக்கச் சொல்கிறோம், அதை யார் எப்படிச் சரிபார்ப்பார்கள், தண்டம் யார் தலையில் விழும் என்ற மூன்றும் பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்றைப் பற்றியது.

ஊர்க்கூட்டமும் வாக்குச்சாவடியும்

கடலோர மீனவ ஊர்களில் ஊர்க்கூட்டம் போட்டால் தலைக்கட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. காரணமில்லாமல் வராதவருக்குத் தெண்டம் போடுவதும் உண்டு. கூட்டத்துக்கு வந்தவர் வாயைத் திறந்து பேச வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. வந்து, உட்கார்ந்து, கேட்டுவிட்டுப் போகலாம். கட்டாயம் வருகைக்குத்தான், கருத்துக்கு இல்லை.

உலகில் எங்கெல்லாம் 'கட்டாய வாக்களிப்பு' சட்டம் இருக்கிறதோ, அங்கெல்லாம் நடைமுறையில் இருப்பது இந்த வருகைக் கட்டாயம்தான். தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குப் போய்த் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். போகாமல் இருந்தால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எந்த அரசாலும் போக முடியாது. வாக்கு ரகசியமானது என்பதால், உள்ளே என்ன செய்தீர்கள் என்று பார்க்க வழியே இல்லை.

நம் வாக்குச்சாவடியில் நடப்பதை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். முதல் அலுவலர் உங்கள் பெயரைப் பட்டியலில் தேடி, அடையாள ஆவணத்தைப் பார்த்து, பெயரைச் சத்தமாகப் படிப்பார். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, படிவம் 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுப்பார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை உங்களுக்காகத் திறந்துவிடுவார். நீங்கள் வந்தீர்கள் என்பதற்குச் சாட்சி 17ஏ பதிவேடு. எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பதற்குச் சாட்சி எங்கும் கிடையாது; இருக்கவும் கூடாது.

உள்ளே போனவர் யாரையும் தேர்ந்தெடுக்காமல் வர இரண்டு வழிகள் இருக்கின்றன. 'மேற்கண்ட எவரும் இல்லை' என்ற நோட்டா பொத்தான், 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் வந்தது. அதற்கும் முன்பிருந்தே இருப்பது தேர்தல் நடத்துவதற்கான விதிகளில் உள்ள 49ஓ: 17ஏவில் கையெழுத்துப் போட்ட பிறகு வாக்களிக்க விருப்பமில்லை என்று சொன்னால், அலுவலர் அதைப் பதிவேட்டில் குறித்து மறுபடி கையெழுத்து வாங்குவார். 49ஓவில் உங்கள் மறுப்பு அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நோட்டாவில் தெரியாது. நோட்டா வந்ததற்குக் காரணமே இந்த வேறுபாடுதான். ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிடலாம். நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வென்றவர்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: கட்டாய வாக்கு என்பது சாவடிக்கு வருவதைக் கட்டாயமாக்குவது. சரிபார்க்க முடிந்தது பதிவேட்டுக் கையெழுத்து மட்டும்.

சதவீதம் எதற்குச் சதவீதம்?

அதிகம் குழப்பம் நடப்பது இந்த இடத்தில். வாக்குப்பதிவு சதவீதம் என்பது ஊரில் இருக்கும் ஆட்களில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கு இல்லை. பட்டியலில் இருக்கும் பெயர்களில் எத்தனைக்கு நேராகக் கையெழுத்து விழுந்தது என்ற கணக்கு. பெயர் வேறு, ஆள் வேறு.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பிள்ளையின் பெயரை அடிக்காமல் விட்டால், அந்தப் பிள்ளை தினமும் 'ஆப்சென்ட்'. வகுப்பில் இருப்பவர்கள் ஒழுங்காக வந்தாலும் வருகைச் சதவீதம் குறைவாகவே தெரியும்.

கணக்குக்காக ஒரு சாவடியை எடுத்துக்கொள்வோம். எண்கள் நாம் வைத்துக்கொண்டவை. பட்டியலில் 1,000 பெயர்கள், 700 பேர் வாக்களித்தார்கள். வராத 300 பெயரை ஒவ்வொன்றாகப் பார்த்தால் 40 பேர் இறந்தவர்கள். 90 பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். 20 பெயர்கள் இரட்டைப் பதிவு. 50 பேர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலையில் இருக்கிறார்கள். 30 பேர் படுக்கையில், மருத்துவமனையில், அல்லது அவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில். ஊரில் இருந்தும் போகாதவர்கள் 70 பேர். இறந்தவர், மாறியவர், இரட்டைப் பதிவு ஆகிய 150ஐ நீக்கினால் மீதி 850 பெயர்கள். அதே 700 வாக்கு இப்போது 82 சதவீதம் ஆகிறது. ஒருவர்கூடப் புதிதாக வாக்களிக்கவில்லை; பட்டியல் மட்டும் சுத்தமாகியிருக்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கும் இல்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் வேலை அது. தமிழ்நாட்டில் இருந்த சுமார் 6 கோடியே 41 லட்சம் பெயர்களில், டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேல் இடம்பெறவில்லை. இறந்தவர்கள் என்று காட்டப்பட்டவை ஏறத்தாழ 27 லட்சம், இடம் மாறியவர்கள் என்று காட்டப்பட்டவை ஏறத்தாழ 66 லட்சம். ஏறக்குறைய ஏழு பெயருக்கு ஒன்று. இத்தனை பெரிய நீக்கத்தில், உயிரோடு அதே வீட்டில் இருப்பவரின் பெயரும் போயிருக்கலாம். அவர் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்துத் திரும்பச் சேர வேண்டும். ஆக, பட்டியலில் தவறு இரண்டு பக்கமும் வரும்: இல்லாதவர் இருப்பார், இருப்பவர் இல்லாமல் போவார். கட்டாய வாக்குச் சட்டம் வந்தால் அதன் நோட்டீஸ் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அனுப்பப்படும்.

கடலூர், புதுச்சேரி எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரியின் முள்ளோடைப் பக்கம் ஒரு வீடு, தமிழ்நாட்டின் ரெட்டிச்சாவடிப் பக்கம் ஒரு வீடு என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் உறவும் சொத்தும் உள்ள குடும்பங்கள் நிறைய. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டும்தான் இருக்கலாம் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். திருமணத்துக்குப் பிறகு எல்லை தாண்டிப் போன பெண்ணின் பழைய பெயர் அப்பா வீட்டுப் பட்டியலில் அப்படியே கிடப்பது சாதாரணம். கட்டாயச் சட்டம் வந்தால், புகுந்த வீட்டு ஊரில் ஒழுங்காக ஓட்டுப் போட்ட அந்தப் பெண்ணுக்கும் அப்பா வீட்டு முகவரிக்கு அபராத நோட்டீஸ் போகும்.

கட்டாயம் வேலை செய்யும் இடங்களில் எப்படி?

ஆஸ்திரேலியாவைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். சரியான உதாரணமும் கூட. 1922 தேர்தலில் அங்கே 60 சதவீதம்கூட வரவில்லை. 1924இல் சட்டம் வந்தது. 1925 தேர்தலில் 91 சதவீதத்தைத் தாண்டியது. அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் 90க்குக் கீழே போகவில்லை. 2022இல்தான் மயிரிழையில் 90ஐத் தவறவிட்டது. தேசியத் தேர்தலில் காரணமின்றி வராதவருக்கு அபராதம் 20 டாலர்.

20 டாலர் பயத்தில் ஒரு நாடே வரிசையில் நிற்கிறதா? இல்லை. அந்த அபராதத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. வாக்குப்பதிவு சனிக்கிழமைகளில் நடக்கிறது. முன்கூட்டியே வாக்களிக்கும் மையங்கள் இருக்கின்றன. அஞ்சலில் அனுப்பலாம். தேர்தல் நாளன்று சொந்தத் தொகுதிக்கு வெளியே இருந்தால், அதே மாநிலத்தின் எந்தச் சாவடியிலும் போடலாம். வேறு மாநிலத்தில் இருந்தால் அதற்கென்று தனி மையம். இவ்வளவுக்கும் பிறகு வராதவருக்கு முதலில் போவது கடிதம்தான். உடம்பு சரியில்லை, வெளிநாட்டில் இருந்தேன் என்று ஏற்கத்தக்க காரணம் எழுதினால் அதோடு முடிந்தது. அப்படியும் வருகிறவர்களில் ஒரு பகுதி செல்லாத சீட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். 2022இல் கீழவைத் தேர்தலில் அது சுமார் 5 சதவீதம்.

சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்களுக்கு அங்குள்ள முறை தெரிந்திருக்கும். வாக்களிக்காதவரின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேர முடியும். பிரேசிலில் 18 முதல் 70 வயது வரை கட்டாயம். 16, 17 வயதினருக்கும் 70 தாண்டியவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விருப்பம். அங்கே வாக்களிக்காமலும் காரணம் சொல்லாமலும் இருப்பவருக்குப் பாஸ்போர்ட் எடுப்பதில் சிக்கல் வரும். பெல்ஜியத்தில் 1893 முதலே கட்டாயம். ஆனால் அந்நாட்டின் ஃபிளாண்டர்ஸ் பகுதி உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் அதை விலக்கிக்கொண்டது. 2024இல் அங்கே வந்தவர்கள் சுமார் 63 சதவீதம். சிலி 2012இல் கட்டாயத்தை எடுத்தது, பாதிக்கும் கீழே சரிந்தது, 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு அரசியலமைப்பு வாக்கெடுப்புக்கு 85 சதவீத அளவில் வந்தார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அந்நாட்டு அதிபர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கின்றன. அது கட்டாயம் இல்லை. ஆனால் பிரான்சில் செனட் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் இருப்பவர்கள் வராவிட்டால் 100 யூரோ அபராதம். பொதுமக்களை விட்டுவிட்டுப் பிரதிநிதிகளுக்கு மட்டும் கட்டாயம் வைத்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய ஏற்பாடு அது.

சுருக்கமாக, கட்டாயம் வருகையை உயர்த்துகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வேலை செய்கிற ஆஸ்திரேலியாவில் வாக்களிக்கும் வழியை அகலமாக்கிவிட்டுத்தான் அபராதம் போடுகிறார்கள்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 79ஆம் பிரிவு 'தேர்தல் உரிமை' என்றால் என்ன என்று சொல்லும்போது, வாக்களிக்கும் உரிமையோடு வாக்களிக்காமல் இருக்கும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. வாக்களிக்காததற்குத் தண்டனை எதுவும் கிடையாது. ரேஷன் நிற்கும், வங்கிக் கணக்கில் பணம் பிடிப்பார்கள் என்று தேர்தல்தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய்.

முயற்சி நடந்தது குஜராத்தில். உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கி 2009இல் அம்மாநிலச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் 2014இல்தான் கிடைத்தது. 2015இல் 100 ரூபாய் அபராதம் என்று விதி வந்தது. அந்த ஆகஸ்ட் மாதமே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே 2015 மார்ச்சில், நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில், கட்டாய வாக்களிப்பு இந்தியாவுக்கு வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

கடலூரில் நடத்திப் பார்த்தால்

கடலூர் மக்களவைத் தொகுதியில் 2024இல் வாக்காளர்கள் சுமார் 14 லட்சம். வராதவர்கள் 27 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். பதில் வந்தால் படிக்க வேண்டும். மருத்துவச் சான்று, பயணச் சீட்டு என்று ஆதாரம் வைத்திருந்தால் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்குப் பத்தே நிமிடம் என்றாலும் 63,000 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் ஏறத்தாழ 7,900 நாள். இருபது அலுவலர்களை வேறு வேலை கொடுக்காமல் உட்கார வைத்தாலும் ஆளுக்கு 395 வேலைநாள், ஓராண்டில் முடியாது. இது ஒரே தொகுதிக்கு.

அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. 17ஏ பதிவேடுகள் வாக்குப்பதிவு முடிந்ததும் முத்திரையிட்டு வைக்கப்படுகின்றன. நீதிமன்ற உத்தரவில்லாமல் அவற்றைத் திறக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்துவதற்கான விதிகளில் ஒன்று. யார் வாக்களித்தார், யார் வரவில்லை என்ற பட்டியல் உள்ளூர்க் கட்சிக்காரர் கைக்குப் போனால் என்னவாகும் என்று யோசித்தால் அந்த விதியின் அருமை புரியும். அபராதம் போட வேண்டுமானால் முதலில் இந்தப் பூட்டை உடைக்க வேண்டும்.

சரி, நோட்டீஸ் யாருக்குப் போகும்? பண்ருட்டியிலிருந்து திருப்பூருக்குப் போய்த் தையல் வேலை செய்கிறவருக்கு வாக்களிக்க ஒரே வழி, நேரில் வருவது. இரண்டு நாள் கூலி, போக வர பஸ் டிக்கெட், பண்டிகைக் கூட்டம் போல நெரிசல். அதே 1951 சட்டத்தின் 135பி (135B) பிரிவு தினக்கூலிக்காரர் உட்பட எல்லாத் தொழிலாளருக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது. ஆனால் அது ஒரு நாள்தான், பயணத்துக்குப் போதாது. விடுமுறை கொடுக்காத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் இருக்கும் ஊரிலேயே வாக்களிக்கத் தொலைதூர வாக்கு இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. எதிர்ப்பு வந்தது, நடைமுறைக்கு வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் குடிமகன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்; வாக்களிக்க விமானம் ஏறித்தான் வர வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்கள் நிலையும் இதுதான். 2024இல் இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 19. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் விசைப்படகுகள் கரையில் நின்றன. 2021இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6, தடைக்காலத்துக்கு முன். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகில் போனவர் ஓட்டுப் போட முடிகிறதா இல்லையா என்பதை அவருடைய அக்கறையைவிட நாட்காட்டி அதிகமாகத் தீர்மானிக்கிறது.

நமக்குப் பொருந்தும் வாதம், பொருந்தாத வாதம்

கட்டாயத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மிக வலுவான வாதம் இது: வெளிநாடுகள் பலவற்றில் ஏழைகளே குறைவாக வாக்களிக்கிறார்கள். அதனால் கட்சிகள் அவர்களைப் பொருட்படுத்துவதில்லை. எல்லோரும் வந்தாக வேண்டும் என்றால் ஏழையின் குரலும் எண்ணப்படும். நல்ல வாதம். ஆனால் இங்கே நிலைமை தலைகீழ். தர்மபுரி 81, மத்திய சென்னை 54. சின்ன ஊர்க்காரர்களும் கூலிக்காரர்களும் ஏற்கெனவே வருகிறார்கள். இங்கே ஏழைகளில் வராமல் போகிறவர் வேலைக்காக ஊரைவிட்டுப் போனவர். அவருக்குத் தேவை சாவடி பக்கத்தில் வருவது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் கட்டாய வாக்கு ஒழிக்கும் என்பதும் அதே போல. பணம் இரண்டு வகையில் கொடுக்கப்படுகிறது: ஒன்று, வரவழைக்க, மற்றொன்று, தனக்குப் போட வைக்க. கட்டாயம் முதல் வகையைத்தான் வீணாக்கும். 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாவால் ரத்தானபோது, நடந்தது இரண்டாவது வகை.

கட்டாயம் என்ற சொல்லை வாக்காளர் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. அங்கே நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. 2025 முடிய அடுத்த தேர்தல் இல்லை. 2006இல் பதினெட்டு வயதில் முதல் நகராட்சி ஓட்டைப் போட்டவர், இரண்டாவது ஓட்டுக்கு முப்பத்தேழு வயதிலும் காத்திருந்தார். அவர் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேர்தல்தான் வரவில்லை.

எனவே எங்கள் கருத்து: இன்றைய பட்டியலோடும் இன்றைய ஒரே-சாவடி முறையோடும் கட்டாயத்தைக் கொண்டுவருவது அநியாயம். பட்டியல் திருந்தி, இருக்கும் ஊரிலேயே வாக்களிக்க வழி வந்த பிறகு, 20 டாலர் மாதிரியான சிறு அபராதத்தைப் பற்றிப் பேசலாம். ரேஷன், உதவித்தொகை போன்றவற்றை இதனோடு முடிச்சுப் போடுவது எந்தக் காலத்திலும் கூடாது.

இப்போது செய்யக்கூடியவை

பெயர் இருக்கிறதா என்று தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பாருங்கள். கையில் வாக்காளர் அட்டை இருப்பதால் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சாவடியில் திரும்பி வருகிறவர்களில் பலர் இந்த நம்பிக்கையில் போனவர்கள். உதவி எண் 1950. பெயரோடு பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், சாவடியில் நேரம் மிச்சம்.

புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறினாலும் பிழை திருத்தவும் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்க படிவம் 7. ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. அந்த நாளில் 18 நிரம்பினால் போதும். எல்லைப் பகுதியில் வீடு மாறுகிறவர்கள் படிவம் 8இல் பழைய அட்டை எண்ணைத் தவறாமல் எழுத வேண்டும். எழுதாமல் படிவம் 6 கொடுத்தால் பழைய பெயர் அப்படியே நின்று இரட்டைப் பதிவாகிவிடும்.

85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து அஞ்சல் வாக்குச் சீட்டில் வாக்கு வாங்குவார்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். இந்தக் காலக்கெடுவைத்தான் பல வீடுகளில் தவறவிடுகிறார்கள்.

உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே ஓட்டுப் போட்டிருந்தால் வீடு திரும்ப வேண்டாம். 49பி (49P) விதிப்படி தலைமை அலுவலரிடம் கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று உறுதியானால், இயந்திரத்தில் இல்லாமல் தனி வாக்குச் சீட்டு தருவார், படிவம் 17பி (17B)யில் கையெழுத்து வாங்குவார். அந்தச் சீட்டுத் தனி உறையில் வைக்கப்படும். சாதாரண எண்ணிக்கையில் சேராது, வழக்கு வந்தால் நீதிமன்றம் கேட்டு வாங்கிப் பார்க்கும்.